அவளுக்காகச் சாப்பிட்ட மாதங்கள்

எனக்கு என்ன பிடிக்கும் என்று என் மனைவி ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு என்ன பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிடுவாள். ஓட்டலில் உட்கார்ந்தால் என் தோசையை அவள்தான் சொல்வாள். பக்கத்து மேஜைக்காரர் பொங்கல் கேட்டால், "அண்ணே, இங்க பொங்கல் வேணாம், பூரி சொல்லுங்க" என்று அவர் விஷயத்திலும் தலையிடுவாள். செஞ்சி கடைத்தெருவில் எனக்குப் பாத்திரக் கடை. கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க வருகிறவர்களுக்கு நான் குண்டானைத் தட்டிக் காட்டிக்கொண்டிருப்பேன். அவள் பந்தியில் என்ன போட வேண்டும் என்று பெண்ணின் அம்மாவுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு வாய் அவளுக்கு.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சு சிகிச்சை. கட்டி போய்விட்டது. கூடவே குரலும் போனது, விழுங்கும் சக்தியும் போனது. ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போனது. அதனால் வயிற்றில் ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். கஞ்சியை வடிகட்டி அந்தக் குழாயில் நான்தான் ஊற்றுவேன். உயிர் பிழைத்ததே பெரிது என்று பார்க்க வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அவர்களை ஒருநாள் பட்டினி போட்டுவிட்டு இதைச் சொல்லச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

மாதம் ஒருமுறை செக்கப். முதல் செக்கப் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது என் போன் சத்தம் போட்டது. பக்கத்து சீட்டிலிருந்து அவள்தான் அனுப்பியிருந்தாள். நான், அவள், சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் மூன்று பேரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில், "இந்த மாசம்" என்று தலைப்புப் போட்டு நான்கு வரி. சாப்பிட ஒன்று, டிவியில் பார்க்க ஒன்று, காதால் கேட்க ஒரு பாட்காஸ்ட், படிக்க ஒரு புத்தகம். கீழே, "சாப்பாடு மட்டும் என் எதிர்ல சாப்பிடணும், எப்படி இருக்குதுன்னு சொல்லணும்" என்று எழுதியிருந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு சொட்டு விழுங்க முடியாதவள் எதிரில் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது? "வேணாம்மா, எனக்கு இறங்காது" என்றேன். முறைத்தாள். அந்த முறைப்புக்கு இத்தனை வருஷமும் எதிர்ப்பேச்சு பேசியவன் இல்லை நான்.

அந்த மாதம் மிளகாய் பஜ்ஜி. பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தள்ளுவண்டியில் வாங்கி, சூடு ஆறுவதற்குள் ஓட்டமாக வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து கடித்தேன். "நல்லா இருக்குது" என்றேன். தலையணை பறந்து வந்தது. போனில் தட்டிக் காட்டினாள்: "நல்லா இருக்குதுன்னா இன்னா அர்த்தம்? மாவு மொறுமொறுன்னு இருக்குதா? மிளகா உள்ள வெந்துச்சா? ஓமம் தெரியுதா?" இன்னொன்றைக் கடித்து, கண்ணை மூடி, ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவளும் வாயை அசைத்தாள். அதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இப்படியே மாதங்கள் ஓடின. அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, தோலோடு சப்பினால் வரும் உப்புத் தண்ணீரைப் பற்றி இவ்வளவு பேச முடியும் என்று எனக்கு முன்பு தெரியாது. புளிச்சக்கீரைக் கடைசலில் பூண்டு எந்த இடத்தில் தெரிகிறது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். மகள் அங்கே சாப்பிடுவதை வீடியோ எடுத்து அனுப்புவாள். போனில் என்னை மிரட்டவும் செய்வாள். "நைனா, அம்மா சொன்னத சாப்டியா? சும்மா ஏமாத்தாத."

டிவி என்றால் அவளுக்குச் சமையல் போட்டிதான். யாராவது குழம்பில் உப்பைக் கோட்டைவிட்டால், தானே போய்த் திருத்தப்போகிறவள் மாதிரி எழுந்து உட்காருவாள். பாட்காஸ்ட்டில் ஊர் ஊராகப் போய்க் கிணறுகளைப் பற்றி மட்டுமே பேசும் ஒரு பெண்மணியைப் பிடித்துவைத்திருந்தாள். கிணற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, "கிணத்த யாரு கேட்டா, அவங்க குரல கேளுங்க" என்று எழுதினாள். அதற்குப் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கிளை நூலகத்திலிருந்து அவள் எடுத்துவரச் சொன்ன கடல் பயணப் புத்தகத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்படுவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். அவள் பரீட்சை வைப்பாள் என்ற பயத்தில் முடித்தேன்.

ஒரு செக்கப்பில் டாக்டர், "பரவாயில்ல, கொஞ்சம் கொஞ்சமா விழுங்கறாங்க. அடுத்த தடவை நல்லா இருந்தா குழாய எடுத்துடலாம்" என்றார். அன்றைக்குப் பஸ்ஸில் அவள் அனுப்பியதில் எங்களுக்கு எதுவும் இல்லை. "அடுத்த மாசம் எனக்கு. மிளகு ரசம், குழைஞ்ச சாதம். ரெண்டு வாய் போதும்." மகள் லீவு சொல்லிவிட்டாள். கடையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் எடுத்துவந்து காட்டினேன். உதட்டைப் பிதுக்கினாள். "பாத்திரக்கடைக்காரருக்கு மனசு வரல பாரு. பெருசா எடுத்துட்டு வாங்க" என்று எழுதினாள். சிரித்தேன். அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அந்த மாதம் முழுக்கத் தினமும் கண்ணாடி முன்னால் நின்று விழுங்கும் பயிற்சி செய்தாள். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கும். எச்சிலை விழுங்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

அடுத்த செக்கப்பில் கேமரா விட்டுப் பார்த்தார்கள். திரையில் நாங்களும் பார்த்தோம். கரண்ட் வைத்த இடம் இறுகிக்கொண்டே போகிறது என்றார் டாக்டர். "போன தடவை பார்த்தத வெச்சு சொல்லிட்டேன். இனிமே குழாயோடதாம்மா இருக்கணும்" என்றார். அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது. அவள் கைகூப்பிவிட்டு எழுந்தாள்.

திண்டிவனத்தில் பஸ் மாறினோம். வெள்ளரிப்பிஞ்சும் மல்லாட்டையும் ஜன்னலுக்கு ஜன்னல் வந்தன. எப்போதும் என் தோளைத் தட்டி வாங்கச் சொல்லுகிறவள், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். செஞ்சி வருகிறவரை மலைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். போன் சத்தம் போடவில்லை.

சில நாட்கள் கழித்து வந்தது. கேட்க, அதே கிணற்றுப் பெண்மணி. படிக்க, ஏதோ ஒரு நாவல். பார்க்க, ஒன்றும் இல்லை. கடைசி வரி: "சாப்பாடு. இனிமே என் எதிர்ல யாரும் சாப்பிடாதீங்க."

கடையில் நின்று படித்தேன். ஓர் ஆள் வந்து தவலை கேட்டார், இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் தலைக்கு மேலேயே தவலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. மகள் போன் செய்து அழுதாள்.

அதிலிருந்து வீட்டில் தாளிப்பதில்லை. அவளுக்குக் கஞ்சி வைப்பதோடு அடுப்பை அணைத்துவிடுவேன். ஓட்டலில் பொட்டலம் வாங்கி, கடைக்குப் பின்னால் அண்டாக்களுக்கு நடுவில் நின்றபடியே சாப்பிடுவேன். என்ன சாப்பிடுகிறேன் என்று கவனிப்பதுகூடக் கிடையாது. வீட்டுக்குக் கிளம்புமுன் வாய் கொப்பளித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, சந்தேகமாக இருந்தால் மறுபடியும் கழுவுவேன். மகள் வந்தாலும் வெளியிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறாள்.

போன வாரம் மத்தியானம் வீட்டுக்குப் போனேன். அவள் கட்டிலில் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் வலது கையை எடுத்தாள். ஆசையாகத்தான் எடுத்தாள் என்று நினைத்தேன். விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். முதலில் விரல் நுனி, பிறகு நகக்கண், பிறகு உள்ளங்கை. எதையோ தேடுகிற மாதிரி மறுபடி மறுபடி முகர்ந்தாள்.

சோப்பு வாசனை மட்டும்தான் இருந்திருக்கும், சாப்பாட்டு வாசனை துளியும் இருந்திருக்காது. கையைக் கீழே வைத்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் தாங்கவில்லை. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று பழக்கத்தில் எழுந்தவன், எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.