நீலப் பெயிண்ட் அடித்த கல்

விபத்து என்று வந்துவிட்டால், காரணம் எழுதும் கட்டத்தில் காவலர் சூர்யகலாவின் விரல்கள் தாமாகவே ஓடும்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதால்'. பதினோரு வருடமாகத் தட்டிப் பழகிய வரி. திண்டுக்கல்லை ஒட்டிய அந்த ஸ்டேஷனில் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. மாசக் கடைசியில் பைக் விபத்துகளைக் கூட்டிப் பார்த்தால் பத்துக்கு எட்டு அதிவேகம். செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசப் போகிறானா என்ன?

அவன் வரவில்லை, அவன் மனைவி வந்தாள். தை மாசம் எரியோடு ரோட்டில் விழுந்து செத்த அருண்பாண்டியின் மனைவி செல்லக்கிளி. மூன்று திங்கட்கிழமை விடாமல் வந்து ஒன்றையே சொன்னாள்.

"அவரு நாப்பதுக்கு மேல முறுக்க மாட்டாரு மேடம். அப்பன் கண்ணுமண்ணு தெரியாம போயிச் செத்தான்னு எம்பிள்ளைக நாளைக்குப் படிக்கணுமா?"

அன்றிலிருந்து சூர்யகலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று வருடத்து விபத்துகளை எடுத்து ரோடு, மாசம், மணி என்று பிரித்துப் போட்டாள். அந்த ஒரு ரோட்டில் மட்டும் ஒன்பது பைக். ஒன்பதும் தை, மாசியில். ஒன்பதும் பொழுது சாயும் நேரத்தில். வேகமாகப் போகிறவன் மாசம் பார்த்தா போவான்?

தை, மாசியில் அந்த ரோட்டில் என்ன நடக்கும் என்று அங்கே பிறந்தவளுக்குத் தெரியாதா? பாதி ரோட்டை அடைத்து மக்காச்சோளம் காயும். பஸ் ஏறிவிடாமல் இருக்கச் சுற்றிலும் கல் வைப்பார்கள். சாயங்காலம் சோளத்தை அள்ளிவிடுவார்கள். கல் அங்கேயே கிடக்கும், நாளைக்கும் வேண்டுமே.

அருண்பாண்டி வழக்கின் போட்டோக்களைத் திறந்தாள். அவளே எடுத்தவை; அன்றைக்கு வண்டியை மட்டும்தான் பார்த்தாள். கவிழ்ந்த வண்டிக்குப் பின்னால் ஒரு கல், அதில் நீலப் பெயிண்ட். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அது அவள் வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட்.

வண்டியை எடுத்துக்கொண்டு நேரே எரியோடு ரோட்டுக்குப் போனாள். அப்பா முத்துச்சாமி ரோட்டில் சோளம் கூட்டிக்கொண்டிருந்தார். அருண்பாண்டி விழுந்த அன்றைக்குக் கல்லை எடுத்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றார், மறைக்கவில்லை.

"கல்லு கண்ணுக்குத் தெரியட்டும், அடிங்கப்பான்னு பெயிண்டக் குடுத்ததே நீதான தாயி."

கொடுத்தவள் அவள்தான். ஊரில் யாருக்கும் தோன்றாத யோசனை என்று பெருமைப்பட்டுக்கொண்டவளும் அவள்தான். பொழுது மங்கும்வரை அங்கேயே நின்றாள். தார் ரோட்டில் நீலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. பத்தடி தூரத்தில் நின்றும் கல் எங்கே, ரோடு எங்கே என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் ஸ்டேஷனில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். எழுதினால் அப்பா மேல் வழக்கு வரும். பயமாகத்தான் இருந்தது. மூன்றாவது டீயும் ஆறிப்போன பிறகு, கல் வைத்தவர் பெயர், பெயிண்ட் கொடுத்தவர் பெயர் இரண்டையும் போட்டு வாக்குமூலம் எழுதி இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்தாள். அவர் அதை இரண்டு தடவை படித்தார். நன்றாக யோசித்துத்தான் எழுதினாயா என்று கேட்டார். தலையாட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமையும் செல்லக்கிளி வந்தாள். சூர்யகலா நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள்.

"உங்க வீட்டுக்காரரு மெதுவாத்தான் வந்தாரு. கல்லு எங்க வீட்டுது."