விற்கிற கை, வெட்டுகிற கை

“…சும்மாவே வெட்டிக் குட்த்துகினு கீறியே, நாளைக்கு நான் வந்து குந்தினா எவன்க்கா துட்டு குடுப்பான்?” என்று கேட்டாள் பிலோமினா. பட்டினப்பாக்கம் மீன்கடையில், அவளுடைய அருவாமணையில் நான் உட்கார்ந்திருந்தேன். கை நிறையச் செதில். முன்னால் நாலைந்து பேர் பையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அடையாறுக்குக் குடிவந்து இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகாத ஒன்று இது. அங்கே எங்கள் வாசல் படலைக்குச் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற அண்ணரே நிறுப்பார், செதில் சீவுவார், துண்டும் போட்டுத் தருவார். இங்கே விற்பவள் ஒருத்தி, வெட்டுபவள் இன்னொருத்தி. முதல்முறை வந்தபோது விற்கிற ராணியிடம், “நீங்களே வெட்டித் தாங்கோவன்” என்றேன். கேட்கக்கூடாததைக் கேட்டமாதிரிப் பார்த்தாள். “நான் வெட்டினா அவ இன்னாத்த துன்னுவா?” ராணிக்கு வெட்டத் தெரியாமல் இல்லை. பிலோமினாவைவிட வேகமாகவே வெட்டுவாளாம்.

கல்லூரி வாசல் மிதிக்காத குறைக்கு, கைப்பேசியில் பொருளாதாரப் பாடம் கேட்கிற பழக்கம் எனக்குண்டு. ஒருத்தி இரண்டு வேலையிலும் கெட்டிக்காரியாக இருந்தாலும், ஒன்றை மற்றவளுக்கு விட்டுக்கொடுத்தால் இருவருக்குமே ஆதாயம் என்று அதில் ஒரு மாடல். அட, இது எங்கட ராணியின் கதையல்லவா என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்த மாடலில் யாருக்கும் கை வீங்குவதில்லை.

பிலோமினாவுக்கு வீங்கியது. கெளுத்தி முள் குத்திச் சீழ் கட்டி, ஒரு வாரமாக அவள் வரவில்லை. ராணி அருவாமணையைத் தொடவில்லை, வேறு ஆளையும் உட்காரவைக்கவில்லை. வெட்டித் தராத மீனை அடுக்குமாடிக்காரர்கள் வாங்குவார்களா? விலை கேட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடந்தார்கள். ராணியின் சங்கரா மீன்கள் கண் வெளுத்துக் கிடந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. “விடுங்கோ, நான் வெட்டுறன்” என்று உட்கார்ந்துவிட்டேன். “வாணாம்க்கா” என்று ராணி ஒருமுறை சொன்னாள். கூட்டம் சேர்ந்ததும் நிறுக்கத் தொடங்கினாள். காசு நீட்டியவர்களிடம் நான் வேண்டாம் என்றேன். அது உதவி என்றுதான் நினைத்தேன், ஊரில் இதை வாசிக்கிற நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

அப்போதுதான் வலக்கையில் கட்டோடு பிலோமினா வந்து அப்படிக் கேட்டாள். எனக்கென்று வாங்கிவைத்திருந்த மீன்பையை எடுத்துக்கொண்டு நான் எழுந்துவிட்டேன். “பிழையா நினையாதேங்கோ” என்றேன். மீன் வாங்க முன்னால் நின்ற பெண்தான் என்னைக் காட்டி, “அவங்களே வெட்டட்டுமே, நல்லாத்தானே வெட்டறாங்க” என்றாள்.

பிலோமினா அருவாமணையைக் கழுவினாள். சேலையை இடுக்கிக்கொண்டு குந்தி, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, இடக்கையாலேயே அந்தப் பெண்ணின் மீனை அலகில் வைத்து இழுத்தாள். துண்டுகள் கோணலாக விழுந்தன. அள்ளிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுக் காசுக்குக் கை நீட்டினாள். பிறகு, விற்கிறவர்களோடும் சேராமல் வாங்குகிறவர்களோடும் சேராமல் நடுவில் நின்ற என் கையிலிருந்து மீன்பையை வாங்கி, காத்திருந்த பைகளுக்கெல்லாம் கடைசியில் வைத்தாள்.