விட்டுப்போன ‘ங்க’

என் வீட்டுக்காரர் நாய்க்குட்டியைக்கூட “வாங்க, போங்க” என்று கூப்பிடுகிற ஆள். கட்டின பெண்டாட்டி எனக்கும் அதே மரியாதைதான். கோயமுத்தூர்க்காரர்களிலேயே இது கொஞ்சம் ஓவர் என்று என் தங்கை கேலி செய்வாள். அப்படிப்பட்டவர், தொண்ணூறுகளில் ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே என் அப்பாவைப் பார்த்து, “ஏய், யாரு நீ? வெளிய போ” என்றார். அப்பா வெலவெலத்துப் போனார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் இவர் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. காப்பி குடித்துச் சற்று நேரம் கழித்து, “மாமா, எப்ப வந்தீங்க?” என்று கேட்டார். நடந்தது எதுவும் நினைவில்லை.

அதன்பிறகு அடிக்கடி இப்படி ஆனது. குடி என்றார்கள், காத்துக் கருப்பு என்றார்கள், வலிப்பு என்று மாத்திரையும் கொடுத்தார்கள். நான் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். சாப்பிட நேரமானால் முதலில் ‘ங்க’ போகும், அப்புறம்தான் நினைவு போகும். ‘ங்க’ விட்டதுமே சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்துவிடுவேன். நான் பக்கத்தில் இல்லாத அன்று இவர் எழுந்திருக்கவே மாட்டார் என்ற பயத்தில் எங்கேயும் போவதில்லை.

ஒரு டாக்டர் மட்டும் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. “கணையத்துல சின்னக் கட்டி இருந்து, தன்னிஷ்டத்துக்கு இன்சுலின் சுரக்குதோ என்னமோங்க. அதான் சர்க்கரை எறங்கிப்போகுது” என்றார். உறுதி செய்ய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பட்டினி போட்டார்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு வாய் சர்க்கரை கொடுக்கக் கூடாது. அதைப்போலக் கொடுமை எனக்கு வேறு வாய்த்ததில்லை. டாக்டரையே அவர் “தள்ளிப் போ” என்றதும், “போயிருச்சுங்க!” என்று கத்தினேன். உடனே ரத்தம் எடுத்து, குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை அதலபாதாளத்தில், இன்சுலினோ தாராளமாக இருந்தது.

ஸ்கேனில் கட்டி அகப்படவில்லை. ஆபரேஷனில் விரலால் தடவித்தான் கண்டுபிடித்தார்களாம். மொச்சைக்கொட்டை அளவு. இத்தனூண்டா எங்களை இந்த ஆட்டு ஆட்டியது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கண் விழித்தவர் நர்ஸிடம், “ஏனுங்க, தண்ணி கெடைக்குமுங்களா?” என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பி, “ஏ புள்ள, போய்ச் சாப்புடு” என்றார்.

‘ங்க’ இல்லை. நர்ஸின் கையைப் பிடித்து இழுத்தேன். நர்ஸ் இவர் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

தையல் வலியோடு அவர் சிரித்தார். “கட்டுன பொண்டாட்டிய ஒருக்கா உரிமையாக் கூப்புடக் கூடாதுங்களா, அம்மணி?”

“கூப்புடுங்க, ஆயுசுக்கும் கூப்புடுங்க” என்று சொல்லி அழுதுவிட்டேன்.