ஏழு பேருக்கு ஒரு மூச்சு

சாலைக் கம்போளம் என்கிற சந்தையில் அரிசி அளப்பது என் வேலை. மரக்கால் போன்ற பறையால் அள்ளிச் சாக்கில் கொட்டும்போது எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த நேரம் தவிர என் குரலைக் கேட்டவர்கள் குறைவு. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதை அதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. நாலு பேர் என்னைப் பார்த்துவிட்டால் போதும், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். சுபாவம் அப்படி.

பிறகு தொண்டையில் மூச்சும் நிற்கத் தொடங்கியது. பதினைந்து வருஷம் அரிசித் தூசியைக் குடித்ததில் இழுப்பு வந்துவிட்டது. மல்லாந்து படுத்தால் நெஞ்சின் மேல் யாரோ மூட்டையை இறக்கியது போல இருக்கும். அதனால் ஆறு வருஷமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். என் மனைவி முதுகுக்குப் பின்னால் பழந்துணி மூட்டைகளை அடுக்கிக் கொடுப்பாள். லேகியம் தின்று பார்த்தேன், ஊமத்தை இலைப் புகை பிடித்துப் பார்த்தேன். ஒரு தடவையாவது மற்றவர்களைப் போலக் கால் நீட்டிப் படுக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு ஆசை இருந்ததாக ஞாபகம் இல்லை.

ஒரு நாள் விடியற்காலை கடைக்குப் போகும் வழியில் இழுப்பு முற்றி, ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் தெருமுனையில் குதிரைவண்டி ஓட்டும் நாஞ்சில் நாட்டுக்காரர் வண்டியை நிறுத்தினார்.

"வே, ஏறும். ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். ஆஸ்பத்திரி இல்ல, பயப்படாண்டாம்."

அவர் கூட்டிப்போன இடம் எண்ணெய்ச் செக்குக்குப் பின்னால் இருந்த கொப்பரைக் கிடங்கு. முன்பாதியில் சாக்குகள். பின்பாதியில் வெறும் தரை, அதில் பாய்கள். ஐந்து பேர் கைகளைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அதற்குள் கூரையிலிருந்த ஒரே கண்ணாடி ஓட்டின் வழியாக வெளிச்சம் இறங்கி அவர்கள் மேல் விழுந்தது. சிரிப்பு போய்விட்டது.

அந்த ஐவரில் சொல்லிக்கொடுத்தவர் தபாலாபீஸ் குமாஸ்தா. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர், மலையாளி. எல்லோரும் அவரை 'சார்' என்றார்கள். அவர் என்னிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. என் நெஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு நடுவிலிருந்த தூணைக் காட்டினார்.

"அண்ணாச்சி தூணில சாரி இருந்தா மதி. கிடக்கண்டாம்."

படுக்க வேண்டாம், தூணில் சாய்ந்து உட்கார்ந்தால் போதும் என்கிறார். அன்று முதல் அந்தத் தூணடி என் இடமாயிற்று. ஆசனங்கள் முடிந்தபின் எல்லோரும் உட்கார்ந்து மூச்சுப் பழகுவோம். ஒருவர் எண்ணுவார். அவர் எண்ணி முடிக்கும்வரை மற்றவர்கள் மூச்சை இழுக்க வேண்டும், மறுபடி எண்ணி முடிக்கும்வரை விட வேண்டும். கடைசியில் எல்லோரும் சவாசனத்தில் படுப்பார்கள். நான் மட்டும் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன்.

வெளியே கம்போளத்தில் வண்டிச் சக்கரங்களும் வசவுகளும் தொடங்கியிருக்கும். உள்ளே ஏழு பேரின் மூச்சு ஒன்றாக உயர்ந்து ஒன்றாக இறங்கும். சங்குமுகம் கடற்கரையில் கண்ணை மூடி உட்கார்ந்தால் அப்படித்தான் கேட்கும். எங்களில் ஒருவர் ஸ்ரீவராகம் அக்ரகாரத்து வக்கீல் குமாஸ்தா. தெருவில் என்னைக் கண்டால் நாலடி ஒதுங்கி நடப்பவர். இங்கே அவருடைய பாய் வண்டிக்காரர் பாயின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். கோயிலில்கூட நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

கடையில் கேலி செய்தார்கள். "என்னவே, குட்டிக்கரணக் கம்பெனிக்குப் போறீராமே? அடுத்த கோயில் கொடைக்குக் கயித்துல நடப்பீரா?" என்பார் முதலாளி. நான் பறையை எடுத்து அளக்கத் தொடங்கிவிடுவேன்.

அந்த இடத்தில் எனக்கு ஒரே ஒரு பயம்தான். எண்ணுவது முறைவைத்து வரும். ஏழு பேர், ஏழு கிழமை. எனக்குச் செவ்வாய். அத்தனை பேர் நடுவில் நான் ஒருவன் வாய்திறப்பதா? செவ்வாய் தோறும் கடையில் சரக்கு இறங்குகிறது என்று பொய் சொல்லிப் போகாமல் நின்றுவிடுவேன். வண்டிக்காரர் எனக்குப் பதிலாக எண்ணிவிடுவார். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியது.

அதற்குள் எனக்குக் கொஞ்சம் குணம் தெரிந்தது. நான் போன புதிதில் மூச்சுக்கு எண்ணிக்கை நாலு. பங்குனி வாக்கில் ஆறானது. வெயில் காலத்தில் ஏழு. வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்ததும் மறுபடி நாலுக்கு இறங்கியது. கோயிலில் நடை திறக்கும் நேரம் மாறுவது போல, மாதத்துக்குத் தக்கபடி இதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு போலும் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கும் ஆளாக இருந்தால் ஒரு வருஷம் அப்படி நினைத்திருக்க மாட்டேன்.

அந்த மழையில் சாருக்கு விஷ ஜுரம் வந்தது. மூன்று வாரம் அவர் வரவில்லை. பிழைப்பாரா என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். ஒரு திங்கட்கிழமை வண்டிக்காரர் சொன்னார்: "நாளைக்கு சார் வாறாரு வே. எனக்கு நாகர்கோவிலு சவாரி. நீரு போய்ப் பாத்துட்டு வந்து சொல்லும்."

சாரைப் பார்க்கும் அவசரத்தில் மறுநாள் செவ்வாய் என்பதையே மறந்து போனேன்.

சார் பாதி உடம்பாக வந்திருந்தார். கழுத்தில் மப்ளர். ஆசனங்களை வக்கீல் குமாஸ்தா பார்த்துக்கொண்டார். மூச்சுக்கு உட்கார்ந்ததும் அந்த வக்கீல் குமாஸ்தா என் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்குச் செவ்வாய் ஓய். ஒம்ம மொறை."

"சாமி, எனக்கு வராது. நீங்களே..."

"அளக்கறச்சே கம்போளம் முழுக்கக் கேக்கறது ஒம்ம கொரல். இங்கே என்ன வந்துடுத்து?"

எழுந்து ஓடிவிடலாம் என்று வாசலைப் பார்த்தேன். சார் என் பக்கத்தில் நகர்ந்து வந்து மெதுவாகச் சொன்னார். "அண்ணாச்சி, எண்ணுற ஆளு மட்டும் கண்ணு தொறந்து இருக்கணும். எல்லாரோட சுவாசமும் கேக்கணும். ஆருக்கு சுவாசம் எல்லாரையும்விடக் கொறவோ, அவங்களுக்கு வேண்டி எண்ணணும். அவ்வளவே உள்ளு."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன்.

"அப்போ இத்தனை நாளும்...?"

வக்கீல் குமாஸ்தா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "மழைக்காலத்திலே இங்கே யாராவது நாலைத் தாண்டி எண்ணி நீர் கேட்டிருக்கீரா? ஆத்திலே நான் பதினாறு பண்ணறவன். இங்கே நாலு. ஆரம்பியும், நாழியாறது."

சாஸ்திரமும் மாதமும் ஒன்றும் இல்லை. நாலும் ஆறும் ஏழும் என் நெஞ்சின் அளவு. பதினாறு இழுக்கிறவரும், குதிரையோடு ஓடிப் பழகிய வண்டிக்காரரும், மற்றவர்களும், தினமும் என் இழுப்பைக் கேட்டு அதற்குள் தங்கள் மூச்சைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேல். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோயில் சாமிகள்கூட வேண்டிக்கொண்டால்தான் காது கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். நான் மூச்சைச் சேர்த்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"லாபம்..."

கடைப் பழக்கம். அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டோம், முதல் பறைக்கு லாபம் என்போம். பின்னாலிருந்து ஒருவர் 'க்ளுக்' என்றார். அடுத்து எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"எத்தனை பறை ஓய்? சாக்கு கொண்டு வரணுமோ?" என்றார் வக்கீல் குமாஸ்தா.

சாரும் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவே இல்லை. கிடங்கு அடங்கிப்போயிற்று. இருமல் ஓய்ந்தபின் அவருடைய நெஞ்சிலிருந்து வந்த சத்தத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருஷம் அதை என் உடம்பிலேயே கேட்டவன் நான்.

இந்தத் தடவை வெட்கப்பட நேரமில்லை. அவருடைய தோளையே பார்த்துக்கொண்டு எண்ணினேன்.

"லாபம். ரெண்டு. மூணு."

மூன்றில் அவர் தோள் துடித்தது. நிறுத்தினேன். பதினாறு இழுக்கிறவர் மூன்றில் நின்றார். எல்லோரும் நின்றார்கள். ஒருவரும் கண் திறக்கவில்லை, ஏன் மூன்று என்று கேட்கவில்லை. நான் மறுபடி மூன்று எண்ண, மூச்சை விட்டார்கள். மறுபடி இழுத்தார்கள். மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அரிசி அளக்கும்போது எத்தனையோ ஆயிரம் எண்ணியிருப்பேன். அந்த மூன்றை எண்ணியது போல எதையும் எண்ணியதில்லை.

முடிந்ததும் எல்லோரும் சவாசனத்துக்குப் படுத்தார்கள். சார் படுக்கப் பார்த்து, முடியாமல் எழுந்தார். நான் தூணை விட்டு நகர்ந்தேன். "சார் இங்க சாஞ்சு இருங்க. கிடக்கண்டாம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து சாய்ந்தார்.

எனக்கு வேறு இடம் இல்லை. காலியாகக் கிடந்த வண்டிக்காரர் பாய் விரிக்கும் இடத்தில், வெறும் தரையில் உட்கார்ந்தேன். பிறகு முழங்கையை ஊன்றினேன். பிறகு முதுகைத் தரையில் வைத்தேன். மூட்டை வந்து நெஞ்சில் இறங்கும் என்று காத்திருந்தேன். கண்ணாடி ஓட்டில் மழைநீர் ஓடுவது தெரிந்தது. பக்கத்தில் வக்கீல் குமாஸ்தாவின் மூச்சு. எனக்குப் பின்னால் தூணடியில் சாரின் மூச்சு, அது கொஞ்சம் கொஞ்சமாகச் சீராகிக்கொண்டிருந்தது. மூட்டை வரவில்லை.

கடைக்கு நேரம் கழித்துப் போனேன். சட்டை முதுகு முழுவதும் கொப்பரை எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும்.

"எங்கவே விழுந்து எந்திச்சு வாறீரு?" என்றார் முதலாளி. கடையில் ஐந்தாறு பேர் நின்று என்னைப் பார்த்தார்கள்.

"விழல்ல மொதலாளி," என்றேன். "படுத்தேன்."