பாதி முகம்

1986-ஆம் வருஷம். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் அப்பா கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். அம்மா இறந்து வருஷம் திரும்பப் போகிறது. நினைவு நாள் ஜெபத்துக்கு மாட்டி வைக்க வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. போட்டோ என்றாலே அம்மாவுக்கு ஆகாது. எஸ்டேட் குரூப் போட்டோ ஒன்றில் மட்டும் மரநிழலில் நின்றிருந்தாள். அதிலும் பாதி முகம் ஒரே கருப்பு. ஸ்டூடியோக்காரர், "இதைப் பெருசு பண்ணா வெறும் புள்ளிதானுங்க வரும்" என்று கையை விரித்துவிட்டார்.

விடுவேனா நான்! பள்ளியில் லினோ அச்சு கற்றிருந்தேன். தரையில் ஒட்டும் லினோலியத் துண்டில் முகத்தைச் செதுக்கி, மை உருட்டி, மேலே காகிதம் வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் விழும். செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கருப்பு. பழைய பங்களாத் தரையிலிருந்து பெயர்த்துப் போட்ட லினோலியம் வேண்டிய மட்டும் கிடந்தது. தெரிந்த பாதி முகத்தைச் செதுக்கிவிட்டேன். தெரியாத பாதிக்கு? எல்லோரும் என்னை அம்மா ஜாடை என்கிறார்களே என்று, கண்ணாடியைப் பார்த்து என் கண்ணையே செதுக்கி வைத்தேன். மகா புத்திசாலி!

அப்பா வெகுநேரம் பார்த்தார். "நொம்ப நல்லா இருக்குது கண்ணு. ஆனா உன்ற மூஞ்சியாட்ட இருக்குதே" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பத் திரும்பச் செதுக்கினேன். காகிதத்தில் யார் யாரோ வந்தார்கள், அம்மா மட்டும் வரவில்லை.

மை தீர்ந்துபோய், வாங்குவதற்குச் சேலம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் வழியில், ஒரு தியேட்டர் சுவரில் புது சினிமா பேனரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அடேயப்பா! மாடி உயரத்துக்குக் கதாநாயகியின் முகம். ஒரு கன்னத்தில் ஆரஞ்சு, நெற்றியில் பச்சைக் கோடு. மறுபாதியில் கண்ணும் இல்லை, காதும் இல்லை, வெறும் நீலத்தை அப்பியிருந்தார்கள். ஆனாலும் யாரென்று தெரிந்தது. அவள் அழப்போகிறாள் என்பதுகூடத் தெரிந்தது.

"இந்தப் பக்கம் இன்னும் வரையோணுங்களா?" என்று ஏணியில் நின்ற பெயிண்டரிடம் கேட்டேன்.

"முடிஞ்சு போச்சுங்கம்மா. கிட்ட நின்னா வெறும் பெயிண்டுதான் தெரியும், தள்ளி நின்னு பாருங்க" என்றவர், இறங்கி வந்து எனக்காக ஏணியையும் நகர்த்தி வைத்தார். நான் பாட்டுக்கு நின்றுகொண்டே இருந்தேன். பஸ் போய்விட்டது. போகட்டும்!

வீட்டுக்கு வந்ததும் புதுத் துண்டு எடுத்தேன். இந்த முறை நிழல் பக்கம் உளியையே வைக்கவில்லை, அப்படியே கருப்பாக விட்டேன். மை உருட்டித் தேய்த்து, காகிதத்தை உரித்தெடுத்தேன்.

அப்பா தண்ணீர் குடிக்க வந்தார். என் கையிலிருந்த படத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். திறந்து கிடந்த சட்டைப் பட்டன்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார். அம்மா இருந்தவரை, "ஏனுங்க, பட்டனைப் போடுங்க, குளுருது" என்று அவரை அதட்டாத நாளே கிடையாது. போட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கண்ணீர் அதற்குள் கன்னத்துக்கு வந்திருந்தது.

அந்தப் பேனரின் மேல் அடுத்த படத்துக்கு வேறு முகம் வரைந்திருப்பார்கள். வரைந்தவரின் பெயர்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அம்மாவின் நினைவு நாள் ஜெபத்தில், எங்கேயோ இருக்கும் அந்த மனிதருக்காகவும் மனதாரக் கேட்டுக்கொள்ளாமல் இன்றுவரை நான் ஆமென் சொன்னதில்லை.