தொட்டி என்னோடது, வெயில் உங்களோடது

கிள்ளக்கா குடியிருந்த வீட்டுக்குள் வெயில் எட்டிப் பார்த்ததே கிடையாது. கீழ்த்தளம், வடக்குப் பார்த்த இரண்டு அறைகள், ஜன்னலுக்கு எதிரே சரக்குக் கிடங்கின் மொட்டைச் சுவர். நல்ல கோடையிலும் பகலில் விளக்குப் போட்டால்தான் ஊசியில் நூல் கோக்க முடியும். அதனால் அவள் செடி வளர்க்கும் ஆசையை மூட்டை கட்டி வைத்திருப்பாள் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்குக் கிள்ளக்காவைத் தெரியாது. வீட்டில் வெயில் இல்லாவிட்டால் என்ன, தெருவில்தான் கொட்டிக் கிடக்கிறதே, எல்லாம் வீணாகத்தானே போகிறது என்று அவள் யோசித்தாள். ஒரு பொருள் யாருக்கும் பயன்படாமல் வீணாவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அது தேய்ந்துபோன சோப்புத் துண்டாக இருந்தாலும் சரி, சூரிய வெளிச்சமாக இருந்தாலும் சரி.

ஆகவே செடிகளை வெளியே குடிவைத்தாள். காலை வெயில் முடிதிருத்துபவரின் கடைவாசலில் விழும். பெயின்ட் டப்பாவில் வளர்ந்த புதினா அங்கே போயிற்று. உச்சி வெயில் சாவி செய்பவரின் கடைக்குப் பக்கத்துச் சந்தில் இறங்கும். விரிசல் விட்ட பிளாஸ்டிக் வாளியில் எலுமிச்சைப்புல் அங்கே. சாய்ந்த வெயில் எதிர்வரிசை வீட்டின் மாடி ஜன்னலுக்குப் போய்ச் சேரும். அங்கே தனியாக இருந்த அம்மாள் ஒருத்தி, அச்சகத்திலிருந்து வரும் தாள்களை வீட்டிலேயே உட்கார்ந்து பிழை பார்த்துக் கொடுப்பவள். காய்கறிக் கடைப் பலகையில் ஒற்றெழுத்து விட்டுப்போனால்கூட நின்று சொல்லிவிட்டுத்தான் நகருவாள். தெருவே அவளைப் பிழைக்காரம்மா என்றுதான் சொல்லும். அவளுடைய ஜன்னல் விளிம்பில் கைப்பிடி போன பாத்திரத்தில், சூப்பில் போடும் வாசனைச் செடியான ரோஸ்மேரி குடியேறியது.

மூவருக்கும் ஒரே சட்டம்தான். “தொட்டி என்னோடது, வெயில் உங்களோடது. நுனி எனக்கு, பக்கக் கொழுந்து உங்களுக்கு.” சனிக்கிழமை ஆனால் ஒரு சிறு கூடையுடன் கிளம்புவாள். கத்தரிக்கோல் எடுத்துப் போவதில்லை. கட்டைவிரல் நகமே போதும். நுனியைக் கிள்ளினால்தான் செடி பக்கவாட்டில் கிளைக்கும் என்பாள். அப்படித்தான் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. எதையும் அவள் யாருக்கும் அள்ளிக் கொடுத்ததில்லை, கிள்ளித்தான் கொடுப்பாள் என்று வேறொரு காரணமும் தெருவில் சொல்லிக்கொண்டார்கள். அது அவள் காதிலும் விழுந்திருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கஞ்சம் என்று சொன்னால்தான் கோபம் வரும். சிக்கனம் என்று சொல்லிவிட்டால் முகம் மலர்ந்துவிடும்.

அவளுக்கு ஒரு விடுதியின் சலவைப் பகுதியில் தையல் வேலை. கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பாள். தைக்கவே முடியாது என்று ஒதுக்கியவற்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவாள். விரிப்பு தலையணை உறையாகும், உறை கைத்துடைப்பானாகும், துடைப்பான் தரை துடைக்கும் துணியாகும், அதுவும் நைந்தால் தொட்டியின் அடி ஓட்டைக்கு அடைப்பாகும். கணவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் சொல்லும் பேச்சு ஒன்றுண்டு: “இந்த வீட்ல எது பழசானாலும் வேற ஒண்ணா மாறிடும். எனக்கும் வயசாகுது. என்னை எதுவா மாத்தப்போறாளோன்னு பயமா இருக்கு.”

இந்த வருடம் குளிர் விலகி, மரங்களில் துளிர் தலைகாட்டிய நேரத்தில் அவர்களுக்கு வீடு மாறும் யோகம் அடித்தது. அதே தெருவின் கோடியில் ஆறாவது மாடி. லிஃப்ட் ஐந்தாவது மாடியோடு நின்றுவிடும். மேல்தளம் பிறகு கட்டியது, படியேறித்தான் போக வேண்டும். அதனாலேயே வாடகை குறைவு, அதனாலேயே யாரும் வரவில்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்ட் வராத வீடா என்று தெருவே சிரித்தது. கிள்ளக்கா அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வீட்டுக்குத் தெற்குப் பார்த்த ஒரு பால்கனி இருந்தது. கதவைத் திறந்த முதல் நாள் வெயில் அவளைத் தாண்டி உள்ளே ஓடி, சமையலறைச் சுவர்வரை போய் நின்றது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெயில் விழுந்த தரையில் நடந்து பார்த்தாள். தரை சூடாக இருந்தது. கணவரையும் நடந்து பார்க்கச் சொன்னாள். அவரும் நடந்தார், வேறு வழி?

அந்த வாரம் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னல் கண்ணாடிகளை வினிகர் தெளித்துப் பழைய செய்தித்தாளால் தேய்த்தாள். எலுமிச்சைப்புல் கொதிக்க வைத்த தண்ணீரால் தரை முழுக்கத் துடைத்தாள். மெத்தையைப் பால்கனிக் கம்பியில் போட்டு அடித்தாள். விடுதி விரிப்புகளின் நைந்த நடுப்பகுதியை வெட்டி எறிந்து, இல்லை, எறியவில்லை, மடித்து வைத்து, கெட்டியான ஓரங்களை இணைத்துத் திரைச்சீலை தைத்தாள். காய்ந்த ரோஸ்மேரியை ஜோடி தொலைந்த காலுறைகளில் அடைத்து அலமாரிக்குள் போட்டாள். கணவரின் சட்டைகளெல்லாம் சூப்பு மாதிரி மணத்தன. அவர் அதையும் ஏற்றுக்கொண்டார்.

எல்லாம் முடிந்த பிறகு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆசை. இத்தனை காலமும் அவளுடைய செடிகள் ஊரார் வீட்டில் வளர்ந்தன. கண் விழித்ததும் கதவைத் திறந்தால் அவை எல்லாம் ஒன்றாக, அவள் வீட்டில், அவள் வெயிலில் நிற்க வேண்டும். வேறெதையும் அவள் இவ்வளவு நாள் ஆசைப்பட்டதில்லை.

தொட்டிகளைத் திருப்பிக் கேட்கப் போனாள். முடிதிருத்துபவர் நாளைக்கு வாங்க அக்கா என்றார். மறுநாள் போனால் டப்பாவைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். சாவிக்காரர் அவளைவிட மூத்தவர், “எடுத்துக்கம்மா, உன் பொருள்தானே” என்று சொல்லிவிட்டு, அவள் வாளியைத் தூக்கும்போது வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு சாவியை அராவினார். பிழைக்காரம்மா பாத்திரத்தை நீட்டி, இதில் பிழை எதுவும் இல்லை, சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். கொஞ்சம் சீக்கிரமாகவே சாத்தினாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பிழை இருந்தது. புதினாவில் ஒரு தண்டைக் கத்தரிக்கோலால் சரிவாக வெட்டியிருந்தார்கள். ரோஸ்மேரியில் பிளேடு பட்ட காயம். எலுமிச்சைப்புல்லில் ஒரு குருத்து வேரோடு காணோம். தன் நகம் பட்ட இடம் எது, பிறத்தியார் கைபட்ட இடம் எது என்று அவளுக்குத் தெரியாதா? வழியில் போகிற வருகிறவர்கள் கைவைத்திருப்பார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டாள். சந்தோஷத்தில் இருந்ததால் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

மறுநாள் காலை பால்கனிக் கதவைத் திறந்தபோது மூன்றும் வரிசையாக நின்றன. எத்தனையோ நாள் கனவு கண்ட மாதிரியே நின்றன. புதினாவைக் கிள்ளித் தேநீரில் போட்டுக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து குடித்தாள். வாயெல்லாம் பல்.

சனிக்கிழமை வந்தது. பழக்கதோஷத்தில் கூடையை எடுத்துவிட்டாள். எங்கே போவது? பால்கனிக்கு நாலு எட்டு நடந்து, கிள்ளி, கூடையில் போட்டுக்கொண்டு திரும்பினாள். முன்பெல்லாம் மத்தியானம் வரை இழுக்கும் வேலை, அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் முடிந்துபோயிற்று. மாலையில் கணவர் வந்து, என்ன சேதி என்று கேட்டார். தெருச் சேதியெல்லாம் அவருக்கு எப்போதும் அவள் வாயிலிருந்துதான் கிடைக்கும். சொல்ல ஒன்றும் இல்லை. அடுத்த சனிக்கிழமையும் அப்படியே போயிற்று. அதற்கும் அடுத்த வாரம் கணவரே ஒரு சேதி கொண்டுவந்தார். சாவிக்காரர் காய்ச்சலில் படுத்து, தேறி, கடையும் திறந்துவிட்டாராம்.

அவர் படுத்ததும் தெரியாது, எழுந்ததும் தெரியாது. பால்கனியில் நின்று கீழே பார்த்தாள். ஆறாவது மாடியிலிருந்து பார்த்தால் யாருக்கும் முகம் கிடையாது, உச்சந்தலைதான். வெயில் முதுகில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை, ஆனால் அழுகை வந்தது.

“புதினா முன்ன மாதிரி மணக்கலைங்க,” என்றாள் ராத்திரி சாப்பிடும்போது.

கணவர் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தார். “அதே மணம்தாம்மா. நீதான் முன்ன மாதிரி இல்ல. நாலு வீடு போய் வந்தவளை மேல கொண்டு வந்து உக்கார வெச்சாச்சு.”

மறுநாள் காலையில் அவள் காலி ஊறுகாய் பாட்டில்களைக் கழுவி வரிசையாக வைத்தாள். புதினாவிலிருந்து ஒன்று, ரோஸ்மேரியிலிருந்து ஒன்று கிள்ளித் தண்ணீரில் நிறுத்தினாள். எலுமிச்சைப்புல்லை மட்டும் வேரோடு பிரித்துத் தனியாக நட்டாள். இளவேனில்தான் இதற்கெல்லாம் ஏற்ற காலம், குச்சியை நட்டாலும் துளிர்க்கும். தனக்கு இந்தக் கொழுந்துகள் போதும், தாய்ச் செடிகளைத் தொட்டியோடு அவரவர் வாசலுக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள் என்று பெயர் வாங்கியவள் முழுத் தொட்டியைத் தூக்கிக் கொடுப்பதாவது! கணவர் தன் காதையே நம்பவில்லை. ஆனாலும் பாட்டில்களில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்த அன்று, விடுமுறை எடுத்துக்கொண்டு தொட்டிகளைப் படியிறக்கிக் கொடுத்தவர் அவர்தான்.

முதலில் முடிதிருத்தும் கடை. அவளையும் டப்பாவையும் பார்த்ததும் அவர் சட்டென்று கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு திருதிருவென்று விழித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் சீப்புகள் நிற்கும் தம்ளரில், சீப்புகளோடு சீப்பாக, ஒரு புதினாத் தண்டு தளதளவென்று நின்றது. முன்னால் மறைத்து என்ன, கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது.

“என்கிட்டயே கிள்ளிட்டீங்களா தம்பி?”

“கிள்ளலை அக்கா,” என்றார் அவர். “வெட்டினேன்.”

நாற்காலியில் பாதி முடி வெட்டிய நிலையில் உட்கார்ந்திருந்த ஆள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கிள்ளக்காவும் சிரித்துவிட்டாள். சாவிக்காரர் கடையில் தேடவே வேண்டியிருக்கவில்லை. அவர் மேஜைக்கடியில் துருப்பிடித்த தகர டப்பாவிலிருந்து எலுமிச்சைப்புல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சலின்போது அதைத்தான் கொதிக்க வைத்துக் குடித்தாராம். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா என்று அவள் உரிமையோடு சண்டை போட்டாள். நீ இப்ப உயரத்துல இருக்கியேம்மா என்றார் அவர். கேலியாகத்தான் சொன்னார், அது அவளுக்குச் சுருக்கென்றது. வாளியைச் சந்தில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, பாத்திரத்தோடு எதிர்வரிசை மாடிக்கு ஏறினாள்.

கதவைத் தட்டியதும் திறக்கவில்லை. உள்ளே யாரோ அவசரமாக நடக்கும் சத்தம், ஓர் அலமாரி சாத்தும் சத்தம், அப்புறம்தான் கதவு திறந்தது. மேஜை முழுக்கத் தாள்கள், சிவப்பு மைப் பேனா. ஜன்னல் விளிம்பில் பாத்திரம் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை. அதைப் பிழைக்காரம்மா துடைக்காமல் விட்டிருந்தாள்.

“அலமாரியில என்ன?” என்றாள் கிள்ளக்கா.

பிழைக்காரம்மா பொய் சொல்லத் தெரியாதவள். போய்த் திறந்து எடுத்துவந்தாள். ஒரு கண்ணாடித் தம்ளர், அதில் ஒரு ரோஸ்மேரிக் குச்சி. அடியிலைகள் பழுத்து உதிர்ந்து தண்ணீரில் மிதந்தன. நுனியில் மட்டும் கொஞ்சம் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது.

“இருட்டுல வெச்சா எப்படிங்க வேர் விடும்?”

“திருடினதாச்சே. நீங்க வந்தா கண்டுபிடிச்சிடுவீங்கன்னு சனிக்கிழமை உள்ள எடுத்து வெச்சேன். அப்புறம் எப்ப வேணும்னாலும் வந்துடுவீங்கன்னு வெளிய எடுக்கவே இல்ல.” அவள் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நீங்கதான் வரவே இல்ல.”

அந்த மாடிக் கதவை வாரத்தில் ஒரு நாள் தட்டிக்கொண்டிருந்த கை தன்னுடையது மட்டும்தான் என்பது அப்போதுதான் கிள்ளக்காவுக்கு உறைத்தது. தாய்ச் செடியை வட்டக் கறைமேல் சரியாகப் பொருத்தி வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பிழைக்காரம்மாவின் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள்.

“அதை எங்க கொண்டு போறீங்க?”

“எங்க வீட்டுக்கு. இப்ப எங்க பால்கனியிலதான் காலையிலேர்ந்து வெயில். தம்ளர் உங்களோடது, வெயில் என்னோடது. சனிக்கிழமை வந்து பாத்துட்டுப் போங்க.”

ஆறாவது மாடியா என்று அவள் இழுத்தாள். ஐந்து மாடி லிஃப்ட், ஒரே ஒரு மாடிதான் படி, அந்த லிஃப்ட் நிற்காமல் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே ஆள் இருக்கிறார் என்றாள் கிள்ளக்கா.

சனிக்கிழமை காலை அவள் வழக்கம்போல் கூடையுடன் இறங்கி, கடைகளுக்கும் மாடி ஜன்னலுக்கும் போய், நுனிகளைக் கிள்ளி, தெருச் சேதி முழுவதையும் வாரிக்கொண்டு வந்தாள். மாலையில் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் ஐந்தாவது மாடியில் நிற்கும் சத்தம் கேட்டது. அப்புறம் படிகளில் மெதுவாக ஏறும் காலடி. யாரும் தட்டும்வரை பொறுக்கவில்லை, அவளே ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

பிழைக்காரம்மா மூச்சு வாங்க உள்ளே வந்து, நேராகப் பால்கனிக்குப் போய்த் தன் தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குச்சியின் அடியில் நூலிழை மாதிரி ஒரு வேர். அதை வெகுநேரம் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தாள். பிறகு பாட்டிலில் இருந்த புதினாவிலிருந்து, யாரையும் கேட்காமல், நுனியாகப் பார்த்துக் கிள்ளி, கைக்கு வந்த தேநீரில் போட்டுக்கொண்டாள். நுனி கிள்ளக்காவுடையது. கிள்ளக்கா அதைப் பார்த்தாள். இன்னொன்றும் கிள்ளிக்கொள்ளட்டும் என்று பாட்டிலை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.