தயிர் ஏடும் முன்பின் தெரியாதவர்களும்

மஞ்சள் தட்டிப் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயின் வாசனை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. மாதா திருவிழாவுக்குக் கொடியேறும் ஆவணி மாதத்தில், காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் கோட்டுச்சேரியில் ரோட்டோரம் இருக்கும் எங்கள் வீட்டுப் படியேறித் தண்ணீர் கேட்பார்கள். அம்மா தண்ணீரோடு விடமாட்டாள், உட்கார வைத்து, கொப்புளம் கண்ட கால்களை வெந்நீரில் கழுவி, அந்த எண்ணெயைத் தடவி, சோறும் போட்டுத்தான் அனுப்புவாள். "பேரு ஊரு கேட்டுட்டா சோறு போடுறது? முன்னப்பின்ன தெரியாதவங்கதான் மொதல்ல" என்பாள். முதல் இலையும் பாயசமும் அவர்களுக்கு, கடைசிப் பந்தி எனக்கு. தயிரின் மேல் படியும் "ஏடு" மட்டும் வழக்கம்போல் என் தட்டில் விழும். தினமும் விழுவதுதானே, அதில் என்ன பெருமை என்று வழித்துத் தின்றுவிட்டு எழுந்து போவேன்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், சென்னைப் பக்கத்திலிருந்து தகப்பனோடு நடந்து வந்த எஸ்தருக்கும் ஒன்பது வயது. அம்மா அவள் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்து, ஊதி ஊதி எண்ணெய் தடவினாள். பிறகு அவள் தலையையும் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள், ஒரு முடிகூட இழுபடாமல். எனக்கு வாரும்போது "ஆடாம நில்லுடி" என்று சீப்பாலேயே மண்டையில் ஒரு தட்டு விழும். முந்தின வாரம் செருப்பு கடித்த குதிகாலைக் காட்டியபோது, "எண்ணெயத் தொட்டு வச்சிக்கிட்டு ஓடு" என்றவள் இவள்தானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அம்மா சோறு வடிக்க உள்ளே போனதும் எஸ்தரின் அப்பாவிடம் போய், "வேளாங்கண்ணி கிட்டக்கதான் மாமா, இப்பக் கெளம்புனா பொழுதுசாயப் போயிடலாம்" என்றேன். அந்தக் காலோடு நடந்தால் மறுநாள்கூடப் போய்ச் சேரமுடியாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அவர் நம்பி, அம்மாவிடம் சொல்லிவிடும்படி என்னையே கேட்டுக்கொண்டு, நொண்டும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இலையோடு வந்த அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். அடிக்கவில்லை. சோற்றையும் குழம்பையும் தூக்குவாளிகளில் எடுத்துக்கொண்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு காரைக்கால் பஸ் ஏறிப் போனாள். பொழுது சாயும்போது திரும்பியவள், "வழியிலயே உக்காந்துருச்சுடி அந்தப் புள்ள" என்று மட்டும் சொன்னாள். எனக்கு வெட்கம் வரவில்லை. எனக்காக அம்மா ஒருநாளும் இப்படிப் பஸ் ஏறி ஓடியதில்லையே என்றுதான் அழுதேன், நானும் யாரோ ஒருத்தியாக அந்தப் படியேறி வந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே.

சென்ற மாதம் பங்குச்சாமியார் பிரசங்கத்தில், விருந்தோம்பலுக்கு வேதத்தில் வரும் "பிலோக்ஸெனியா" என்கிற கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் 'அந்நியர்மேல் அன்பு' என்று வரும் என்றார். எல்லோரும் புதிதாய்க் கேட்பதுபோல் தலையாட்டினார்கள். அதில் பெற்ற மகளுக்கு இடமில்லை என்பதுவரை எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும்.

இப்போது யாத்திரைக்காரர்களுக்குப் பின்னாலேயே அடுப்பும் அரிசியும் ஏற்றிய வேன் வருகிறது. படியேறித் தண்ணீர் கேட்க ஆளில்லை. அம்மாவுக்கும் ஞாபகம் போய் இரண்டு வருஷமாகிறது. வேலை முடிந்து வரும் என்னைப் பார்த்து எழுந்து, "வாங்க, வெயில்ல நடந்தா வந்தீங்க? காலக் காட்டுங்க" என்கிறாள். நானும் கூச்சமில்லாமல் நீட்டுகிறேன். கேட்டது கிடைத்துவிட்டது.

நேற்றுச் சாப்பிடும்போது தயிர்க் கிண்ணத்தில் கரண்டியை விட்டேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் போட்டுக்கங்க. அந்த ஏடு மட்டும் வேணாங்க. எம் மவ பள்ளிக்கூடம் விட்டு வந்துருவா, அது அவளுக்கு."

கரண்டியை எடுத்துவிட்டேன். அந்தப் பெண்மேல் எனக்கு வந்த பொறாமை எஸ்தர்மேல்கூட வந்ததில்லை.